லட்லோ: ஒரே நாளில் நடந்து பார்க்க எங்கே தொடங்குவது, எதைத் தவறவிடக்கூடாது?

வழிப்போக்கன்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உள்ள லட்லோவை ஒரே நாளில் நடந்து பார்க்க வேண்டும். காலை 10 மணி வாக்கில் ரயிலில் இறங்கி மாலை 5 மணிக்குத் திரும்பும் திட்டம். கோட்டை, சந்தை, தேவாலயம் மூன்றும் கட்டாயம். சுற்றுலாப் பட்டியல்கள் கட்டடங்களின் பெயரை மட்டும் அடுக்குகின்றன. எந்த வரிசையில் நடந்தால் ஊர் புரியும், எந்தக் கிழமை போவது, எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். காசில் ஸ்கொயரில் திறந்தவெளிச் சந்தை கூடுவது திங்கள், புதன், வெள்ளி, சனி. சில வியாழன், ஞாயிறுகளில் உள்ளூர் விளைபொருளோ பழம்பொருளோ விற்கும் தனிச் சந்தை உண்டு. செவ்வாய்க்கிழமை போனால் அந்தச் சதுக்கம் வெறும் கல்தளமாகக் கிடக்கும். சந்தைக்காகவே உண்டான ஊரைச் சந்தை இல்லாத நாளில் பார்ப்பது தேர் இல்லாத நாளில் தேரடியைப் பார்ப்பது போலத்தான். ஞாயிறு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், ரயில்கள் குறைவு. ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபர்டுக்கும் இடையிலான பாதையில் லட்லோ இருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் ஏறக்குறைய அரை மணி நேரம்தான், ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரலாம்.

டிக்கெட் விஷயம். கோட்டை போவிஸ் எஸ்டேட்டின் தனிச்சொத்து. பழங்கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ், நேஷனல் டிரஸ்ட் அமைப்புகளின் உறுப்பினர் அட்டை இங்கே செல்லாது. அட்டை கையில் இருக்கிறது என்று வாசல்வரை போய்த் திகைப்பவர்கள் நிறைய. தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும்.

தெருவரைபடம்

வரிசை பற்றி என் கருத்து: லட்ஃபர்ட் பாலத்தில் தொடங்குங்கள். ஊரின் தெற்கு எல்லை அது. டீம் ஆற்றைக் கடந்து லோயர் பிராட் ஸ்ட்ரீட்டில் ஏறினால் எதிரே பிராட் கேட் வரும். ஊர் மதிலில் இருந்த ஏழு வாசல்களில் கட்டடமாக நிற்பது இது ஒன்றுதான். மதில் கட்ட வரி வசூலிக்கும் உரிமை 1233இல் கிடைத்தது. வாசலின் இரண்டு பக்கமும் உருண்டைக் கோபுரம், அவற்றின் தலையில் 18ஆம் நூற்றாண்டு வீடு. ஓரமாக ஒதுங்கி நின்று வளைவின் உட்சுவரைப் பாருங்கள். இரும்புக்கதவு மேலிருந்து கீழே இறங்கிய காடி கல்லில் செங்குத்தாக ஓடும். அதைத் தாண்டினால் பிராட் ஸ்ட்ரீட் அகலமாக மேலேறி, உச்சியில் பட்டர் கிராஸ் மணிக்கூண்டு தெரியும். இடைக்கால வியாபாரி ஊருக்குள் நுழைந்த பாதை இதுதான். அதே திசையில் நுழைந்தால்தான் தெருவின் நோக்கம் புரியும்.

கோட்டைவாசல்

நண்பரே, பார்வைக்கு நீங்கள் சொல்வது சரி, நேரக்கணக்குக்கு ஒத்துவராது. ரயில் நிலையம் ஊரின் வடகிழக்கில். அங்கிருந்து பாலத்துக்குப் போக ஊர் முழுவதையும் கடந்து இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அதற்குள் சந்தையின் சுறுசுறுப்பான நேரம் போய்விடும். பிற்பகல் ஆகிவிட்டால் கடைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள்.

ஸ்டேஷனிலிருந்து கோர்வ் ஸ்ட்ரீட் ஏறி புல் ரிங், கிங் ஸ்ட்ரீட், பட்டர் கிராஸ், சந்தை, கோட்டை, அப்புறம் டின்ஹம் வழியாக ஆற்றுக்கு இறங்கி, எதிர்க்கரையில் நடந்து லட்ஃபர்ட் பாலம் வந்து, பிராட் கேட் வழியாக மேலே ஏறுவதுதான் சரியான வட்டம். நீங்கள் கேட்கும் அந்த நுழைவும் கிடைக்கும், பிற்பகலில் கிடைக்கும்.

தெருவரைபடம்

வட்டப்பாதையை ஏற்கிறேன். அப்படியென்றால் சந்தைப் பகுதியில் எதைப் பார்ப்பது என்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கடையைப் பார்த்துவிட்டுத் தெருவை விட்டுவிடுகிறார்கள்.

1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் லட்லோ என்ற பெயரே கிடையாது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி குடும்பம் கோட்டை கட்டியது. அதன் வாசலிலிருந்து கிழக்கே புல் ரிங் வரை 300 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரே பெரிய சந்தைத்தெருவைத் திட்டமிட்டு அமைத்தார்கள். இன்று நிற்கிற காசில் ஸ்கொயர் அதில் மிஞ்சிய மேற்குத் துண்டுதான். மீதி இடத்தில் முதலில் சந்தை நாளுக்கு மட்டும் தட்டுக்கடை போட்டார்கள். தட்டுக்கடை கொட்டகையாகி, கொட்டகை வீடாகி, அகலமான ஒரு தெரு சர்ச் ஸ்ட்ரீட், ஹார்ப் லேன், மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று ஒடுங்கிய தெருக்களாகப் பிரிந்துவிட்டது.

இதை நேரில் சரிபார்க்க வழி உண்டு. ஹார்ப் லேன் பக்கத்துக் கட்டடங்களைச் சுற்றி நடந்து பாருங்கள். கொல்லைப்புறம் இருக்காது. முன்னாலும் தெரு, பின்னாலும் தெரு, மனை முழுக்கக் கட்டடம். கொல்லை இல்லாத வீட்டுத்தொகுதி சந்தைக்கு நடுவில் நின்றால் அது பழைய தட்டுக்கடைகளின் வாரிசு என்று எடுத்துக்கொள்ளலாம். பிராட் ஸ்ட்ரீட், மில் ஸ்ட்ரீட் வீடுகள் நேர்மாறு: முகப்பு குறுகல், பின்னால் நீண்ட தோட்டம்.

காசில் ஸ்கொயரில் 1887இல் எழுப்பிய செங்கல் டவுன் ஹால் ஒன்று இருந்தது. 1986இல் இடித்தார்கள். பழைய புகைப்படத்தையும் இன்றைய இடத்தையும் ஒப்பிட்டுக் குழம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பரப்பு_கணக்கு

மனை அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேணும். இந்த மனைகளுக்குப் பெயர் பர்கேஜ். ஊரில குடியேறினவனுக்கு வருசக் குத்தகைக் காசுக்குக் குடுத்த துண்டு. அளந்த கோல் பேர்ச், 16.5 அடி நீளம். பிராட் ஸ்ட்ரீட்டில அடிப்படை அகலம் ரெண்டு பேர்ச், அதாவது 33 அடி.

இலங்கையில காணி விக்கேக்க இன்றைக்கும் பேர்ச்சஸ் கணக்குத்தானே. யாழ்ப்பாணத்தில 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு. அந்தப் பேர்ச் இந்தக் கோலின்ர சதுரம்தான், 272.25 சதுர அடி.

செய்யிற முறை: உங்கட சாதாரண எட்டு 75 சென்டிமீட்டர் எண்டு வைச்சால் 33 அடிக்கு 13 எட்டுக்குக் கொஞ்சம் கூட வரும். வீட்டு முகப்பு ஒவ்வொண்டாக எட்டு வைச்சு எண்ணிக்கொண்டு போங்கோ. எல்லாம் 33 ஆக இராது. 16.5 வந்தால் மனை ரெண்டாகப் பிரிஞ்சது. 11 வந்தால் மூண்டாக. 22 வந்தால் மூண்டில ரெண்டு பங்கை ஒருத்தர் வாங்கியிருக்கிறார். வீடு எத்தினை தரம் இடிச்சுக் கட்டினாலும் வேலிக்கோடு அசையிறது குறைவு. ஒண்டிரண்டு அடி பிசகினால் விட்டுவிடுங்கோ, கட்டின சுவர்கள் அப்பிடி நேராக நிக்கிறதில்லை.

வெளிக்கிட முதல் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின்ர இணையத்தில பழைய 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குல அளவு) ஓர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தைத் திறந்து, இந்த மனைக்கோடுகளைப் பாருங்கோ. இலவசம். கடையில விக்கிற எக்ஸ்ப்ளோரர் 203 வயல்வெளி நடைக்கு நல்லது, ஊருக்குள்ள அது போதாது.

உத்திரம்

கட்டடங்களைப் பற்றி. லட்லோவில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடங்கள் 500க்கு அருகில் வரும் என்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, வேண்டியதும் இல்லை. இரண்டு திறமை வந்தால் போதும்: மரச்சட்ட வீட்டைப் படிப்பது, செங்கல் முகப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மரச்சட்டத்தைக் கண்டுபிடிப்பது.

மரச்சட்ட வீடு என்றால் முதலில் தூண், உத்திரம், குறுக்குச்சட்டம் என்று ஓக் மரத்தில் கூடு. பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, கழற்றி, மனைக்குக் கொண்டுவந்து நிமிர்த்துவார்கள். எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதற்கு மூட்டுக்குப் பக்கத்தில் உளியால் ரோமன் எண் மாதிரி கீறல் போட்டிருப்பார்கள். மூட்டை இறுக்குவது ஆணி இல்லை, ஓக் முளை. சட்டத்தில் விரல் தடிமனுக்கு வட்ட வட்டமாகத் தெரிவது அந்த முளைகளின் தலை. முளை இல்லாத வெறும் துளைகள் வரிசையாக இருந்தால், அந்த மரம் வேறு கட்டடத்திலிருந்து எடுத்துவந்தது, அல்லது அங்கே இருந்த ஒரு சட்டம் கழற்றப்பட்டது. இடைவெளியை மிலாறு பின்னி, களிமண்ணில் வைக்கோல் குழைத்து அப்பி, சுண்ணாம்பு பூசி அடைத்தார்கள்.

மேல்மாடி கீழ்மாடியைவிட ஓர் அடி, ஒன்றரை அடி தெருவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள், கட்டைகளின் முனைகள் வரிசையாகத் தெரியும். தெருமுனை வீட்டில் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டியிருப்பதால் மூலைவிட்டமாக ஒரு கனத்த உத்திரம் மூலைத்தூணின் தலையில் வந்து உட்காரும். மூலைத்தூணைத்தான் அதிகம் செதுக்கி அலங்கரிப்பார்கள்.

இதன் உச்சம் புல் ரிங்கில் உள்ள ஃபெதர்ஸ் என்ற பழைய விடுதிக் கட்டடம், 1619. வைர வடிவக் கட்டங்களும் வளைவுகளுமாக முகப்பு முழுக்க மரம். அதில் பாதி பாரம் தாங்கவே இல்லை, பணம் இருக்கிறது என்று காட்டத்தான். மாடிமுகப்புக் கைப்பிடிவரிசை 19ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள்: மரத்துக்குக் கறுப்பு, சுவருக்கு வெள்ளை என்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. ஓக்கை அப்படியே விட்டால் சாம்பல் நிறமாக வெளிறும். பழைய காலத்தில் அப்படி விட்டதும் உண்டு, சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்ததும் உண்டு.

இனி ஒளிந்திருப்பது. 18ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள குடும்பங்கள் லட்லோவில் வீடு வைத்துக்கொள்ள விரும்பின. பழைய மரக்கூட்டை இடிப்பதைவிட முன்னால் செங்கல் சுவர் எழுப்பினால் செலவு குறைவு. பிராட் ஸ்ட்ரீட் பூராவும் இந்த வேலை நடந்திருக்கிறது. அடையாளங்கள்: நேர்த்தியான முகப்புக்குப் பின்னால் கூரை மட்டும் செங்குத்தாக ஏறும். ஜன்னல்களின் இடைவெளி ஒன்றுபோல் இராது, ஏனென்றால் உள்ளே இருக்கும் தூண்களுக்கு அவை வழிவிட வேண்டும். பக்கத்துச் சந்துக்குள் நாலு அடி நுழைந்தால் செங்கல் நின்றுபோய் மரச்சட்டம் தொடங்கும். இந்தக் கடைசி சோதனைதான் உறுதியானது. பிராட் ஸ்ட்ரீட்டின் மேல்முனையில் மாடிகள் நடைபாதைக்கு மேலே நீட்டித் தூண்களில் நிற்கும் இடமும் உண்டு, அதன் கீழே நடந்து பாருங்கள்.

மில் ஸ்ட்ரீட்டில் கில்ட்ஹாலையும் விடாதீர்கள். வெளியே கூர்வளைவு அலங்காரத்தோடு 1768இல் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிட்சர்ட் போட்ட முகப்பு. உள்ளே 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாமர்ஸ் கில்ட் என்ற சமயச் சங்கம் கட்டிய மண்டபம். உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலமான அயர்ன் பிரிட்ஜை வரைந்த அதே பிரிட்சர்ட்தான்.

வழிப்போக்கன்

நன்றி ஐயா. அடைபட்ட ஜன்னல்கள் எல்லாம் ஜன்னல் வரிக்குப் பயந்து மூடியவை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்களே, சரியா?

உத்திரம்

பாதி சரி. ஜன்னல் வரி 1696 முதல் 1851 வரை இருந்தது, மூடியவர்கள் உண்டு. ஆனால் கட்டும்போதே இரண்டு பக்கமும் சமமாகத் தெரியட்டும் என்று போலி ஜன்னல் வைப்பது அக்கால வழக்கம், அதன் பின்னால் புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ இருக்கும். அடைத்த செங்கல் சுற்றியுள்ள சுவரோடு நிறத்திலும் பூச்சிலும் ஒத்து, வரிசை முறியாமல் ஓடினால் பிறவிப் போலி. நிறம் மாறி, விளிம்பில் நேர்க்கோட்டில் பிளவு தெரிந்தால் பின்னால் அடைத்தது.

மேற்கு_எல்லை

தேவாலயத்தை யாரும் தொடவில்லையே. பட்டர் கிராஸ் 1740களில் கட்டியது, கீழே வளைவுகளுக்குள் வெண்ணெய் விற்றார்கள், மாடியில் இப்போது சிறிய அருங்காட்சியகம், வாரத்தில் சில நாள்தான் திறப்பார்கள். அதன் பின்பக்கம் ஒரு குறுகிய சந்து. அதில் நுழைந்தால் திடீரென்று 135 அடிக் கோபுரத்தோடு செயின்ட் லாரன்ஸ். நுழைமண்டபம் அறுகோணம், இங்கிலாந்தில் இந்த வடிவம் மிக அரிது.

நேராகப் பாடகர் பகுதிக்குப் போங்கள். அங்கே மடக்கு இருக்கைகள், இருபுறமுமாக 28. நெடுநேரம் நின்று வழிபட வேண்டிய பாதிரிகள் மடக்கிய பலகையின் விளிம்பில் சாய்ந்துகொள்ள ஒரு சிறு தாங்கு. அந்தத் தாங்கின் அடியில்தான் 15ஆம் நூற்றாண்டுச் செதுக்கல்கள். சந்தை ஊருக்குப் பொருத்தமானது ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்: அளவு குறைத்து ஏல் மது விற்ற பெண்ணைப் பேய் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு நரகத்தின் வாய்க்குக் கொண்டுபோகிறது. அவள் கையில் இன்னும் அந்தக் குவளை. ஒரு பேய் பைக்குழல் ஊதுகிறது, இன்னொன்று சுருளை விரித்து அவள் பாவங்களை வாசிக்கிறது. எடைக்கல்லிலும் படியிலும் ஏமாற்றுவது இந்த ஊருக்கு எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உள்ளே மங்கல் வெளிச்சம். கைவிளக்கை நேராக அடித்தால் செதுக்கல் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் முகச்சுருக்கம்கூட எழும்பி நிற்கும். பலகையைத் தொட்டு மடக்குவதற்கு முன் அங்குள்ளவரைக் கேளுங்கள்.

கோட்டைவாசல் போட்ட வட்டத்தில் ஒரு திருத்தம். தேவாலயத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள், மாலையில் கதவைச் சாத்திவிடுவார்கள். பட்டர் கிராஸ் வந்ததுமே உள்ளே போய்வந்து, பிறகு சந்தைக்குப் போங்கள். கோபுரம் ஏற விரும்பினால் ஏறக்குறைய 200 படி, திருகுப்படி, முழங்கால் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

கோட்டைவாசல்

ஏற்றுக்கொள்கிறேன், அது என் தவறு. கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வெளிமுற்றம் பெரிய புல்வெளி, அங்கே நேரம் செலவழிக்காமல் பாலம் தாண்டி உள்முற்றத்துக்குப் போங்கள். இரண்டே இடங்களில் நின்று பார்த்தால் போதும்.

ஒன்று, பெரிய கோபுரம். இது முதலில் கோபுரமே இல்லை, நுழைவாயில். பிறகு வழியை அடைத்துக் கோபுரமாக்கி, பக்கத்துச் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்தார்கள். அடைத்த வளைவின் கோடு கல்லில் இன்றும் தெரியும். உள்ளே, ஒருகாலத்தில் வண்டிகள் போன வழியின் பக்கச்சுவரில் சிறு வளைவுகளின் வரிசை மிச்சம் இருக்கும். சும்மா இருட்டறை என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இரண்டு, மேரி மேக்டலீன் சிற்றாலயம். 12ஆம் நூற்றாண்டு, வட்டமான கூடம். கூரை இல்லை. மேற்கு வாசல் வளைவில் பல்வரிசைபோல் மடிந்து மடிந்து போகும் செதுக்கல்.

அரசியல் வரலாறு சுருக்கமாக: ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், அரகான் கேத்தரினை மணந்து இங்கே வந்த சில மாதங்களில், 1502 ஏப்ரல் 2 அன்று 15 வயதில் இறந்தான். அதனால்தான் பட்டம் தம்பி எட்டாம் ஹென்றிக்குப் போனது. வேல்ஸையும் எல்லைப் பகுதியையும் ஆண்ட மார்ச்சஸ் மன்றத்துக்கு இந்தக் கோட்டைதான் இருப்பிடம். 1689இல் மன்றத்தைக் கலைத்ததும் கூரை ஈயம் கழன்று, மழை உள்ளே இறங்கி, கோட்டை பாழானது.

தெருவரைபடம்

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. இந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கிய போவிஸ் பிரபு யார் தெரியுமா? எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநர். 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோதும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபோதும் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் இவரே. திப்புவின் பொருள்கள் பல இன்றும் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் இருக்கின்றன. லட்லோ கோட்டை இடிபடாமல் நிற்பதில் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு, உண்மைதான். அந்தக் குடும்பத்தின் செல்வத்தில் எவ்வளவு நம் நாட்டிலிருந்து போனது என்பதும் அந்தப் புல்வெளியில் நிற்கும்போது நினைவில் இருக்க வேண்டும்.

மேற்கு_எல்லை

மிக அவசியமான செய்தி, அண்ணா. இதை இழையின் தொடக்கத்திலேயே பொருத்தி வைக்கலாம்.

இனி ஆற்றுப்பக்கம். கோட்டையிலிருந்து டின்ஹம் சரிவில் இறங்கிப் பாலம் கடந்தால் விட்கிளிஃப் மேடு. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் கோட்டை ஏன் அந்தப் பாறைமேல் இருக்கிறது என்று தெரியும். ஆற்றோரத்தில் பிரெட் வாக் என்ற பாதை லட்ஃபர்ட் பாலத்துக்குக் கொண்டுபோகும். பாதை போட்ட கூலியாட்களுக்கு, காசு கொடுத்தால் மதுக்கடைக்குப் போய்விடும் என்று ரொட்டியாகக் கூலி கொடுத்ததால் இந்தப் பெயர் என்பார்கள். மழைக்குப் பின் சேறும் ஈர இலையும் வழுக்கும், தட்டையான அடி கொண்ட செருப்பு வேண்டாம். ஆறு பெருகியிருந்தால் கீழ்ப்பாதையை விட்டுவிட்டு மேட்டுப்பாதையில் போங்கள். வழியெல்லாம் தடுப்பணைகளின் இரைச்சல். லட்லோ என்ற பெயரின் முதல் பாதிக்கே இரைச்சல் என்றுதான் பொருள் கொள்கிறார்கள், இரண்டாம் பாதி மேடு.

லட்ஃபர்ட் மூலையில் சாலையோரப் பாறையில் குடைந்தாற்போல் ஒரு பள்ளமான கோடு தெரியும். அதுதான் லட்லோ எலும்புப் படிவு. சில சென்டிமீட்டர் தடிமன்தான், சுமார் 42 கோடி ஆண்டுப் பழைய மீன்களின் செதில், முள் துணுக்குகள். சேகரிப்பவர்கள் சுரண்டிச் சுரண்டியே அந்தக் குழி. உலக நில அடுக்குக் கணக்கில் ஒரு காலப்பகுதிக்கு லட்லோ என்றே பெயர். இடம் பாதுகாக்கப்பட்டது, சுத்தியல் எடுக்கக்கூடாது. அங்கே வளைவில் வண்டிகள் நெருக்கமாக வரும், குழந்தைகளை உள்பக்கம் விடுங்கள். பாலத்தின் மேல் நடக்கும்போதும் வண்டி வந்தால் சுவரில் முக்கோணமாக வெளியே நீட்டியிருக்கும் ஒதுங்கிடங்களில் நின்றுகொள்ளுங்கள். அவை அதற்காகவே விட்டவை.

வழிப்போக்கன்

எல்லோருக்கும் நன்றி. இப்போது திட்டம்: திங்கள். 10:00 ஸ்டேஷன். 10:15 ஃபெதர்ஸ், அரை மணி நேரம் புகைப்படம். 10:45 தேவாலயம். 11:45 சந்தை, ஹார்ப் லேன் சுற்று, சாப்பாடு. 1:00 கோட்டை. 2:30 டின்ஹம், பிரெட் வாக். 3:30 லட்ஃபர்ட் பாலம், பிராட் கேட், எட்டு வைத்து அளந்துகொண்டே பிராட் ஸ்ட்ரீட். 4:30 பட்டர் கிராஸ், அங்கிருந்து ஸ்டேஷன். சரியா?

உத்திரம்

வரிசை சரி, வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. பிராட் ஸ்ட்ரீட் வடக்கு தெற்காகப் போகிறது. பிற்பகலில் ஏறினால் வெயில் கிழக்கு வரிசை வீடுகளின் முகத்தில் விழும். மேற்கு வரிசை நிழலில் இருக்கும், அவற்றைக் காலையிலேயே பட்டர் கிராஸிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஃபெதர்ஸ் மேற்குப் பார்த்த கட்டடம். காலை 10:15க்கு முகப்பு முழுக்க நிழல், பின்னால் வானம் பளீரென்று இருக்கும், செதுக்கல் ஒன்றும் படத்தில் வராது. அந்த அரை மணி நேரத்தைத் தேவாலயத்துக்குக் கொடுங்கள். மாலை ஸ்டேஷனுக்கு இறங்கும்போது அது வலப்பக்கம் வரும், மே முதல் ஆகஸ்ட் வரை அந்த நேரத்தில் வெயில் நேராக அதன்மேல் இருக்கும்.